எந்த டவரின் சொல்லை நம்புவது?

சின்னமனூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவஞான சித்தியார் வகுப்பு நடக்கும். நடத்தியவர் என் அப்பா. பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடம் கேட்கப் பூலாநந்தீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வருவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ரேடியோக்களுக்கு கேபிள் முனை கிரிம்ப் செய்துகொண்டிருப்பேன். அளவை என்ற சொல்லை முதலில் அப்படித்தான் கேட்டேன். ஒன்றை நாம் அறிந்தோம் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதுதான் அளவை. அருணந்தி சிவாச்சாரியார் நூலைத் தொடங்குவதே இதில்தான். பிறர் ஆறு என்றும் பத்து என்றும் விரித்த அளவைகளை எல்லாம் அவர் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். அதாவது கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்வது.

என் தொழில் கம்பியில்லா இணையம். கம்பம் பள்ளத்தாக்கில் ஏழு டவர். வாழைத்தோப்பு, திராட்சைப் பந்தல், நடுவே ஊர்கள், இரண்டு பக்கமும் மலை. ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வைத்து இணைத்து, கடைசியில் ஒரு ஃபைபரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இந்த வேலைமேல் எனக்கு ஆசை வந்ததற்குத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனைதான் காரணம். 2000களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவர் குழுவினர் வந்து, சாதாரண வைஃபை ரேடியோவைக் கொண்டே கிராமத்துக் கண் மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணைத் தேனியிலிருக்கும் டாக்டர் பார்த்தார். வெறும் காற்று வழியாக இது நடக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆரம்பத்தில் ஏழு டவரிலும் சுவிட்சுதான் வைத்திருந்தோம். விலை குறைவு, கான்ஃபிகர் செய்ய எதுவும் கிடையாது, சொருகினால் ஓடும். சுவிட்ச் அறிகிற விதம் முழுக்கக் காண்டல். எந்த போர்ட் வழியாக எந்த மேக் முகவரி உள்ளே வந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். வழக்கமாக 300 வினாடி அந்த முகவரி திரும்ப வராவிட்டால் குறிப்பை அழித்துவிடும். தெரியாத முகவரிக்கு ஏதாவது வந்தால், வந்த வாசலைத் தவிர மற்ற எல்லா வாசலிலும் அனுப்பிவைக்கும். ஒரு வீட்டுக்குள் இது போதும். ஏழு மலைக்கு இது போதாது என்பதை ஒரு ஐப்பசி ராத்திரியில் கற்றேன்.

டவர் அடியிலிருந்த பெட்டிக்குள் ஒரு கேபிள் முனை சும்மா தொங்கியது. எங்கள் பையன் ஒருவன் நல்லெண்ணத்தில் அதைக் காலியாக இருந்த போர்ட்டில் சொருகிவிட்டான். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருந்தது. வளையம் உண்டாகிவிட்டது. சுவிட்ச் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமுக்குச் சாவு எழுதப்படவில்லை. ஐபி பாக்கெட்டின் தலைப்பில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. உச்சம் 255. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பாக்கெட் அங்கேயே அழியும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது இல்லை. எல்லாருக்கும் போக வேண்டிய ஒரு பிராட்காஸ்ட் வளையத்தில் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றச் சுற்றப் பெருகும். ஏழு டவரிலும் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் துடித்தன. பள்ளத்தாக்கு முழுவதும் இணையம் நின்றது. ராத்திரி இரண்டு மணிக்கு ஜீப்பில் ஏறி, மூன்றாவது டவரில் அந்தக் கேபிளைக் கண்டுபிடித்துப் பிடுங்கினேன். பையனை நான் திட்டவில்லை. ஒரு கை தவறினால் ஏழு ஊர் இருளும்படி அமைத்தவன் நான்.

வளையம் விழாமல் தடுக்க ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு இருக்கிறது. ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985இல் உருவாக்கியது. நாங்கள் வைத்திருந்த மலிவு சுவிட்சில் அது கிடையாது. அது உள்ள சுவிட்சை வாங்கியிருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை மிஞ்சியிருக்கும். இரண்டு பாதை இருந்தால் ஸ்பேனிங் ட்ரீ ஒன்றை அடைத்துவைக்கும். கடன் வாங்கி, கம்பம் நட்டு, மாற்றுப் பாதை ஒன்று போட்டபின் அது வேலை இல்லாமல் நிற்பதைப் பார்க்க மனம் வராது. நாம் எதையும் குறிப்பிடாமல் விட்டால், எண்களில் எது சிறியதோ அந்த சுவிட்சே மரத்தின் வேராகிவிடும். அது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாக இருக்கலாம்.

அதனால் டவருக்கு டவர், எந்த ஊருக்கு எந்த வழி என்று அறிந்து அனுப்பும் ரூட்டர் வைப்பது என்று முடிவெடுத்தேன். முதலில் வழிகளை எல்லாம் கையாலேயே எழுதிவைத்தேன். போர்ட் உயிரோடு இருக்கும்வரை அந்த வழி உயிரோடு இருக்கும் என்பது கணக்கு. ஆடி மாதக் காற்றில் மேகமலைப் பக்கத்து டிஷ் ஒன்று திரும்பிவிட்டது. அந்த லிங்க் செத்தது. ஆனால் எங்கள் ரூட்டரின் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ரூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் டவர் உச்சியில் இருக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஓடும் நாற்பதடி கேபிள்தான். கேபிள் நன்றாக இருந்தது. அதற்கு அப்பால் பத்து கிலோமீட்டர் காற்று அறுந்திருந்தது. மாற்றுப் பாதை பக்கத்திலேயே இருக்க, பாக்கெட்டுகள் எல்லாம் செத்த பாதைக்குள் மணிக்கணக்காகப் போய் விழுந்தன.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், அதுதான் உண்மை. "திரிவுக் காட்சிடா அது. கயித்தைப் பாம்புன்னு பாக்குற மாதிரி. கண்ணு பொய் சொல்லல, கண்ட இடத்துல நின்னுக்கிட்டுக் காணாத இடத்துக்கும் சேத்துச் சொல்லுது" என்றார். ஐயக் காட்சி, திரிவுக் காட்சி இரண்டையும் நீக்கிய பிறகுதான் காண்டல் அளவை ஆகும் என்று வகுப்பில் அவர் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பச்சை விளக்கைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

அக்கம்பக்கத்து ரூட்டர்களே ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்படி செய்வதுதான் அடுத்த வழி. அதாவது உரை. இங்கே இரண்டு விதமான உரை இருக்கிறது. ரிப் என்ற பழைய முறையில் ஒரு ரூட்டர் பக்கத்து ரூட்டரிடம் "அந்த ஊருக்கு என் வழியாக மூன்று எட்டு" என்று சொல்லும். தான் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரிக்காமல் சொல்லும். கேட்டவர் ஒன்றைக் கூட்டி நாலு எட்டு என்று அடுத்தவரிடம் சொல்லுவார். ஊர் அழிந்த பிறகும், எனக்கு நீ சொன்னாய், உனக்கு நான் சொன்னேன் என்று இருவரும் ஒருவரையொருவர் நம்பி எண்ணிக்கொண்டே போவார்கள். 16 வந்தால் அது முடிவிலி என்று ஒரு வேலி போட்டு அதை நிறுத்தவேண்டியதாயிற்று. மணிமேகலையில் வஞ்சி மாநகரத்து அளவைவாதி பத்து அளவைகளை அடுக்கும்போது ஐதிகம் என்று ஒன்றைச் சொல்கிறான். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதை வைத்து அப்படியே தெளிவது. யார் பார்த்தார்கள் என்று கேட்டால் ஆள் இருக்காது. ரிப் முறையைப் படித்தபோது அந்தப் பேய்தான் ஞாபகம் வந்தது.

ஓஎஸ்பிஎஃப் வேறு ஜாதி. அதில் ஒரு ரூட்டர் தன் பகுதிக்குள் தன்னோடு நேராக இணைந்திருப்பதைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். "நான் இன்னார், எனக்கு இன்னின்ன பக்கத்து வீடு, போக இவ்வளவு செலவு." அந்தச் சாட்சியை மற்றவர்கள் மாற்றாமல் அப்படியே கடத்துவார்கள். எல்லார் சாட்சியும் எல்லாரிடமும் சேர்ந்தபின், டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கைக் கொண்டு ஒவ்வொரு ரூட்டரும் தன் வழியைத் தானே கருதிக்கொள்ளும். காண்டல், உரை, கருதல் மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கண்டதைச் சொல், கேட்டதை மாற்றாதே, முடிவை நீயே எடு. இதை விடச் சுத்தமான சாட்சி முறையை நான் எந்தப் பஞ்சாயத்திலும் பார்த்ததில்லை.

பக்கத்து ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய ஒன்றுக்கொன்று ஹலோ அனுப்பிக்கொள்ளும். சாதாரணமாக 10 வினாடிக்கு ஒன்று. 40 வினாடி வராவிட்டால் இறந்துவிட்டதாகக் கொள்ளும். அப்பா கேட்டார், "வராததை வச்சு எப்படிடா அறிவாங்க? அது எந்த அளவை?" அவரே பதிலும் சொன்னார். அபாவம். இங்கே குடம் இல்லை என்று அறிவது. மீமாம்சகர்களில் குமாரில பட்டர் வழியினர் இதைத் தனி அளவையாகவே வைத்தார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடம் காணப்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படவில்லை என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த நிபந்தனைதான் நான் என்ன ரூட்டர் வாங்குவது என்பதைத் தீர்மானித்தது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது லிங்க் நிறைந்து வழியும். ஹலோவும் அந்த நெரிசலில் சிக்கிக் கீழே விழும். அல்லது ரூட்டரின் சிபியு பாக்கெட் தள்ளுவதிலேயே மூச்சுத் திணறி ஹலோ அனுப்ப மறக்கும். பக்கத்து ரூட்டர் உயிருள்ளதைச் செத்தது என்று அறிவித்து, எல்லாச் சுமையையும் மாற்றுப் பாதையில் போடும். அது நிறையும், அங்கேயும் ஹலோ விழும். இருட்டறையில் குடம் தேடிய கதை. ஆகவே எனக்கு வேண்டியது, நெரிசலிலும் ஹலோவை முன்னால் விடும் வரிசை ஒழுங்கும், உச்ச நேரத்திலும் பாதிச் சுமைக்கு மேல் ஏறாத சிபியுவும்.

விற்பவர்கள் தந்த தாளில் எல்லாப் பெட்டியும் ஒரு கிகாபிட் போகும் என்று இருந்தது. அது 1500 பைட் பாக்கெட்டை வைத்து அளந்த கணக்கு. 64 பைட் சிறு பாக்கெட்டாக வந்தால் ஒரு கிகாபிட்டுக்கு வினாடிக்கு 14.88 லட்சம் பாக்கெட்டைத் தள்ள வேண்டும். போன் பேச்செல்லாம் சிறு பாக்கெட்டுதான். தாள் பொய் சொல்லவில்லை, அதுவும் கண்ட இடத்திலிருந்து காணாத இடத்துக்குப் பேசியது. ஆப்தன், அதாவது நம்பத் தகுந்தவன், தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும், மறைக்கக் காரணம் இல்லாதவனாகவும் இருக்க வேண்டும். விற்பவருக்கு இரண்டாவது தகுதி இருப்பது கஷ்டம். நான்கு பெட்டிகளை வாங்கி என் மேஜைமேல் வைத்து, சிறு பாக்கெட்டால் நிரப்பி, ஹலோ நிற்கிறதா என்று ஒரு வாரம் பார்த்தேன். லாட்வியாவின் ரீகாவில் இருக்கும் மைக்ரோடிக் நிறுவனம் செய்த பெட்டி ஒன்று என் மேஜையில் தாங்கியது, என் கைக்காசுக்கும் அடங்கியது. விசிறி இல்லாதது. டவரின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக ஓடும், நடுவே இன்வெர்ட்டர் தேவையில்லை. மலையில் பெட்டிகள் சாவது பெரும்பாலும் கரண்டால்தான். அரவிந்த் இணைப்புகளைப் பராமரித்து அனுபவம் எழுதிய அந்த பெர்க்லி குழுவினரும் மோசமான மின்சாரத்தைத்தான் பெரிய எதிரியாகச் சொல்லியிருந்தார்கள்.

சுவிட்சுகளைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு டவரிலும் அந்த டவரின் ரேடியோக்களை ரூட்டரோடு சேர்க்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. கண் எட்டும் தூரத்துக்குக் காண்டல் போதும். ஊர் தாண்டிப் போகும் பாதையில் மட்டும் அது இல்லை.

சொல்லை நம்பும் ஏற்பாட்டில் ஆபத்து இல்லாமல் இல்லை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபை அடைக்கப் போட்ட ஒரு வழி வெளியே கசிந்து, உலகம் அதை நம்பிவிட்டது. இரண்டு மணி நேரம் போல உலகின் பல பகுதிகளில் யூடியூப் இல்லை. சொன்னவர் யார், அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்று கேட்டவர் குறைவு. என் ரூட்டர்கள் ரகசியச் சொல் தெரிந்தவரோடு மட்டுமே பேசும்.

அப்பாவோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் ஒன்று இருந்தது. ஓஎஸ்பிஎஃப் சாட்சிக்கு ஆயுள் 3600 வினாடி. சொன்ன ரூட்டர் அரை மணிக்கு ஒருமுறை அதைப் புதிதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றவர்கள் அந்தச் சொல்லை அழித்துவிடுவார்கள். "எல்லா உரைக்கும் இப்படி ஆயுள் இருக்கணும்ப்பா" என்றேன். அவர் ஒப்பவில்லை. ஆகமம் இறைவன் வாக்கு, அதற்கு ஆயுள் எழுத நீ யார் என்றார். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இரண்டே என்று சொல்லி உரையைத் தனியாக எண்ணாமல் விட்டதை நான் எடுத்துச் சொன்னேன். அது பௌத்தர் கட்சி, நம் கட்சி வேறு என்று முடித்துவிட்டார்.

பிறகு யோசித்தால், அவர் செய்துகொண்டிருந்தது நான் சொன்னதுதான் என்று தோன்றியது. அழியாத வாக்கு என்றால் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே. வெள்ளிக்கிழமைதோறும் திண்ணையில் உட்கார்ந்து, அதே பாட்டை, தான் நின்று உணர்ந்த இடத்திலிருந்து திரும்பச் சொன்னார். கேட்டவர் ஒருவராக இருந்த நாளிலும் சொன்னார். பழையது என்பதால் நான் அந்த வாக்கை நம்பவில்லை. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் உயிரோடு நின்று இன்றைக்கும் ஆமாம் என்று சொன்னதால் நம்பினேன். என் நம்பிக்கை அவ்வளவுதான், அதற்கு மேல் என்னால் உரிமை கொண்டாட முடியாது.

அப்பா 2019 மார்கழியில் காலமானார். அடுத்த வெள்ளி யாரும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி, அவரிடம் பாடம் கேட்ட மளிகைக்கடைக்காரர் ஒருவர் புத்தகத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வகுப்பு இன்றும் நடக்கிறது. ஆறு பேர் வருகிறார்கள்.