களிம்பு

சூலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தடா தாண்டி தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில், ஆரம்பாக்கத்தில் அப்பாவின் அம்பாசடர் நின்றுபோனது. 1984 மாடல், மார்க் 4. இது முதல் முறை இல்லை. அரை மணி நேரம் ஓடும், சூடானதும் இருமி அணையும், ஆறவிட்டால் திரும்பக் கிளம்பும். அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கண்டன்சரை மாற்றினார், ஒருவர் பாயிண்ட் செட்டை, ஒருவர் காயிலை. ஒவ்வொரு தடவையும் வண்டி சில நாள் நன்றாக ஓடியது. மூன்று பேருமே "சரியாயிடுச்சு சார்" என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். மூன்று பேரும் தெரிந்து பொய் சொல்லவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிகளின் இக்னிஷன், அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி உருவாக்கிய அமைப்பின் வாரிசு. பேட்டரியின் 12 வோல்ட் சாவி வழியாகக் காயிலின் முதல் சுற்றுக்கு வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் மூடியிருக்கும்போது கரண்ட் ஓடி, காயிலில் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிய, இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எகிறி பிளக்கில் பொறியாகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 பொறி. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: வண்டி நிற்கும். காரணங்கள் பத்து, அறிகுறி ஒன்று.

ஹைவே ஓரத்தில் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். உதவிப் பையனோடு தெலுங்கு, என்னோடு தமிழ். படித்தவன் என்று காட்டிக்கொள்ள நான் மல்டிமீட்டரை எடுத்துக் காயிலில் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட். "கரண்ட் ஒழுங்கா வருதுங்க" என்றேன்.

"பாயிண்ட் திறந்திருக்கு தம்பி. வேலை வாங்காத வரைக்கும் எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான்."

ஃபேனைக் கையால் சுற்றி, பாயிண்ட் மூடும் இடத்தில் நிறுத்தினார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றைக் காயிலிலும் வைக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வோல்ட். கணக்கு அங்கேயே புரிந்தது. காயிலின் தடை மூன்று ஓம். நான்கு ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் எங்கோ ஒரு ஓம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று ஆம்பியர்தான் ஓடுகிறது. காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். தொலைந்த மூன்று வோல்ட் அந்த இடத்தையே சூடாக்கி, தடையை இன்னும் ஏற்றும்.

பேட்டரியிலிருந்து காயிலுக்கு ஒரு ஒயரை நேராக இழுத்துக் கொடுத்தார். வண்டி கிளம்பியது. "கண்டுபிடிச்சிட்டீங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது. எதுன்னு தெரியலை. இப்படியே வீட்டுக்குப் போயிடலாம், ஆனா சாவியைத் திருப்பினா அணையாது. இதை ரிப்பேர்னு சொல்லமாட்டேன்."

டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். பிரிட்டிஷ் லூகாஸ் வழக்கப்படி பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, சாவிக்குப் பிறகு வெள்ளை, எர்த் கறுப்பு. நாற்பது வருட ரிப்பேரில் எங்கள் வண்டிக்குள் எல்லா நிறமும் எல்லா வேலையும் செய்தன. கடைசியில் டேப் சுற்றிய ஒரு முறுக்கு ஜாயிண்டைப் பிரித்தார். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்தார். 0.2 வோல்ட்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெட்டி எடுத்த பழைய துண்டைத் திரும்ப இணைப்பில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார். இருபது நிமிடத்தில் எஞ்சின் இருமி அணைந்தது. துண்டைக் கழற்றி நல்ல இணைப்பைக் கொடுத்தார், அணையவில்லை. "வர வைக்கத் தெரிஞ்சாத்தான் போக வச்சோம்னு சொல்லலாம்" என்றார்.

முந்தைய மூவரும் செய்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. புதுப் பாயிண்ட் போட்டால் பொறி கொஞ்சம் பலப்படும், ஒயர்களை அசைத்தால் கெட்ட ஜாயிண்ட் தற்காலிகமாக ஒட்டும். மாற்றினார்கள், ஓடியது, ஆகவே மாற்றியதால் ஓடியது. அவர்களை நான் குறை சொல்ல முடியாது. என் தொழிலில் நானும் அதைச் செய்திருக்கிறேன், ஒயருக்கு இல்லை, மனிதனுக்கு.

சில வருடம் முன்பு இரவில் ஓடும் ஒரு புரோகிராம் எங்களிடம் திடீர் திடீரென்று விழ ஆரம்பித்தது. கடைசியாக அதில் கை வைத்தவன் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு இளைஞன். அவன் மாற்றத்தை நீக்கினோம், நின்றது. அறிக்கையில் 'மூல காரணம்' என்ற கட்டத்தில் அவன் மாற்றத்தை எழுதியவன் நான். அவன் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஐந்து மாதம் கழித்து, அவன் எழுதிய ஒரு வரிகூட இல்லாத புரோகிராம் அதே மாதிரி விழுந்தது.

அவசரத்துக்கு நேர் ஒயர் இழுப்பது தப்பில்லை. நடுரோட்டில் குடும்பத்தோடு நிற்பவனிடம் தத்துவம் பேச முடியாது. சர்வரை அணைத்துப் போடுவதும் அப்படித்தான். தப்பு அதற்குப் பிறகு வருகிறது, ஓட வைத்ததைச் சரிசெய்ததாக எழுதும்போது. தவறாக மாற்றிய காயிலுக்குச் சில நூறு ரூபாய் போகும். பழையதை டிக்கியில் போட்டு வைத்துக்கொள்ளலாம். மனிதனை மாற்றிவிட்டால், பழைய துண்டைத் திரும்ப மாட்டிப் பார்க்கும் சோதனை நமக்கு இல்லை. அதனாலேயே மனிதர்கள் விஷயத்தில் காரணம் என்ற கட்டத்தை நிரப்ப இன்னும் கடுமையான சாட்சி வேண்டும். கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதத் துணிய வேண்டும். அந்த ஒரு வார்த்தையை எழுதினால் என் திறமை மேல் சந்தேகம் வரும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கான விலையை அவன் கொடுத்தான்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லப்படும் உவமை செம்பில் களிம்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை, செம்போடு கூடவே இருப்பது. படிக்கும்போது உவமையாகத்தான் தெரிந்தது. 'எனக்குத் தெரியும்' என்பதன் நிறம் பச்சை என்று ஆரம்பாக்கத்தில்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அவனுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா, அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன்" என்றான். கொஞ்சம் பேசிவிட்டு வைக்கும் முன் கேட்டான், "அது மார்ச் பதினாலு ராத்திரி விழுந்ததுதானே?"