நாரிநோவும் மனமும்

உழைத்துக் களைத்த ஒருவர் தமக்கு நாரி நோகிறது என்கிறார். பரிசோதித்தவர் எலும்பிலோ நரம்பிலோ அதற்கேற்ற பழுதெதனையும் காணவில்லை. அவ்வாறாயின் அந்நோ எங்கே இருக்கிறது? ‘மனத்தில்’ என்று விடை கூறுவோர் உளர். அவ்விடையைக் கேட்ட மாத்திரத்தே நோயாளி தலைகுனிகிறார். ஏனெனில் ‘மனத்தில்’ என்பதை அவர் ‘பொய்’ என்றே விளங்கிக்கொள்கிறார். சொன்னவரும் பெரும்பாலும் அக்கருத்துப்படவே சொல்கிறார். ஒரு மருத்துவக் கேள்வி இங்ஙனம் ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவதா என்னும் அறக் கேள்வியாக மாறிவிடுகிறது. அதனையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

இது சிலருக்கு மாத்திரம் உரிய சிற்றுபாதை அன்று. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரிநோவுடன் வாழ்ந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மனிதரை ஆண்டுக்கணக்கில் இயலாமைக்குள் தள்ளும் காரணங்களுள் அதற்கே முதலிடம். முறிவு, காசநோய், புற்றுநோய் முதலியன சிலரிடம் காரணமாயிருத்தல் கூடும். ஆதலின் முறையான பரிசோதனை இன்றியமையாதது. ஆனால் மிகப் பெரும்பாலானோரிடம் இன்ன தட்டு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டக்கூடிய காரணம் அகப்படுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இடுப்பின் பின்புறத்தை நாரி என்கிறோம். அங்கே உண்டாவதை நோ என்றும் உளைவு என்றும் சொல்கிறோம். நோ என்னும் சொல் மனத்துக்கும் உரியது. ‘மனம் நொந்து போனேன்’ என்பவரும் ‘கால் நோகிறது’ என்பவரும் ஒரே வினையையே ஆள்கின்றனர். காதலர் பிரிவால் வரும் துயரைச் சங்கப் புலவர் நோய் என்றே குறித்தனர். சொல் ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்றே என நாட்டிவிட முடியாது. தமிழாசிரியர்கள் இவ்வகை வாதத்தில் வழுக்கி விழுவது வழக்கம். ஆயினும் உடலையும் உள்ளத்தையும் இடையே சுவர் வைத்துப் பிரிக்கும் பழக்கம் எமது பேச்சுவழக்கிலிருந்து பிறந்ததன்று என்பதேனும் இதனாற் புலனாகும்.

அச்சுவரை எழுப்பியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட். 17 ஆம் நூற்றாண்டிலே அவர் நோவை மணிக்கயிற்றுக்கு ஒப்பிட்டார். தீ காலைச் சுடுகிறது. நரம்பாகிய கயிறு இழுபடுகிறது. மூளையில் மணி ஒலிக்கிறது. இவ்வுவமையின்படி, மணி ஒலித்தும் கயிற்றை இழுத்தவர் எவரும் இல்லையெனில், ஒலித்ததாகச் சொல்பவரே சந்தேகத்துக்குரியவர் ஆகிறார். இன்று ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று கூறுபவர் அறிந்தோ அறியாமலோ டேக்கார்ட்டின் மாணாக்கரே.

படமோ அவருக்குத் துணைநிற்கவில்லை. நாரிநோ இல்லாத 3110 பேரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் வெளிவந்த கட்டுரையொன்றில், 20 வயதினருள் 37 சதவீதத்தினரிடமும் 80 வயதினருள் 96 சதவீதத்தினரிடமும் முள்ளந்தண்டுத் தட்டுகளில் தேய்வு காணப்பட்டமை தெரியவந்தது. தேய்வு இருந்தும் அவர்களுக்கு நோ இல்லை. பாவ்லோவின் ஆய்வுகூடத்து நாய்களும் ஈண்டு நினைவுகூரத்தக்கவை. மின்னதிர்ச்சியைத் தொடர்ந்து உணவு வரும் எனப் பழக்கப்பட்ட நாய்கள், அதே அதிர்ச்சிக்கு ஊளையிடாது உமிழ்நீர் சுரந்து வாலாட்டின. 1965 இல் மெல்சாக், வோல் ஆகிய இருவரும், உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி முண்ணாணிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதனைப் பாதிக்கின்றன என்றும் விளக்கினர். அச்சம், கவனம், பழைய நினைவு என்பன யாவும் நோவின் வெளியே நிற்பன அல்ல. நோ உருவாகும் இடத்திலேயே அவை வேலை செய்கின்றன. நோ பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020 இல் திருத்தி வெளியிட்ட வரைவிலக்கணம், நோவைப் புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்கிறது. அதனைத் தொடரும் குறிப்பொன்று, ஒருவர் தமக்கு நோகிறது என்று சொல்வது மதிக்கப்பட வேண்டும் என்கிறது. விஞ்ஞான வரைவிலக்கணம் ஒன்றில் இத்தகைய அறக் கட்டளை இடம்பெறுவது அபூர்வம்.

எமது மண்ணில் இவ்வுண்மைக்குப் பிறிதொரு கனமுண்டு. 1994 இல் உளமருத்துவர்களான தயா சோமசுந்தரமும் சிவயோகனும் வெளியிட்ட ஆய்வில், போருக்குள் வாழ்ந்த பொதுமக்கள் 98 பேர் விசாரிக்கப்பட்டனர். மனப்பாதிப்பு உடல் உபாதையாக வெளிப்பட்டமை 41 சதவீதத்தினரிடம் காணப்பட்டது; மனச்சோர்வு நோயோ 25 சதவீதத்தினரிடம். 1995 இன் பேரிடப்பெயர்வும் 2009 இன் பேரழிவும் அதன் பின்னரே வந்தன. எமது மக்கள் அழுவதற்கு இடமில்லாதபோது நாரியால், தலையால், நெஞ்சால் நொந்தனர் என்று கூறின் அது மிகையாகாது. அதனை நடிப்பென்று சொல்ல எவருக்கு வாய்வரும்?

ஆனால் வாய்வருகிறது. உயர்தர வகுப்பு மாணவி ஒருவரின் தாயாரை நாம் அறிவோம். செம்மண் தோட்டங்களிலே வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் நாட்கூலிக்குச் செல்பவர். போரின் இறுதி மாதங்களில் கணவர் காணாமற் போனார். இறந்தார் என்ற சான்றிதழை அவர் வாங்க மறுத்துவிட்டார். துலா மிதித்து நீர் இறைத்த காலம் போய் இயந்திரம் வந்துவிட்டது; வெங்காய நடுகையோ இன்னும் குனிந்த நாரியாலேயே நடைபெறுகிறது. நோ மாதக்கணக்கில் நீடித்தபோது கடன்பட்டு ஸ்கான் எடுத்தார். ‘தட்டு விலகியிருக்கிறது, இனிக் குனியக் கூடாது’ என்று ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து கிணற்றடியில் வாளியைத் தூக்கவும் அவர் அஞ்சினார். அயலவர் பரிவுடன் ‘குனியாதை, தூக்காதை, படுத்திரு’ என்றனர். படுக்கப் படுக்க உடல் தளர்ந்தது; தளரத் தளர நோவும் அச்சமும் வளர்ந்தன. கூலி நின்றது, கிழமைதோறும் நுண்கடன் கட்டணம் கேட்டு வருபவர் வருவது நிற்கவில்லை. பிறகு வேறொருவர், படத்தில் பாரதூரமாக எதுவுமில்லை, இது மனப்பிரச்சினை என்றார். “அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டே சொல்லுகினம், சேர்?” என்று அவர் எம்மைக் கேட்டார்.

முதலாமவர் அவருக்கு உடல் மாத்திரமே உண்டென்றார். இரண்டாமவர் மனம் மாத்திரமே உண்டென்றார். இருவருமே அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்டாரல்லர்.

ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த எலும்பியற் சத்திரசிகிச்சை நிபுணர் கோர்டன் வொடெல், நோ வேறு, இயலாமை வேறு என்று 1987 இல் வற்புறுத்தினார். ஒருவர் எவ்வளவு முடங்கிப்போகிறார் என்பதை உடற்பழுது மாத்திரம் தீர்மானிப்பதில்லை. துயரமும் அச்சமும் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதே அறிஞர் 1980 இல், உடற்பழுதால் மட்டும் விளக்க முடியாத ஐந்து வகைக் குறிகளை வரையறுத்திருந்தார். நோயாளியின் உள்ளத்தையும் கவனிக்க வேண்டியிருப்பதை மருத்துவருக்கு உணர்த்துவதே அவற்றின் நோக்கம். ஆனால் நட்டஈட்டு வழக்குகளில் தொழிலாளியைப் பாசாங்குக்காரர் என்று நிரூபிக்கும் ஆயுதமாக அவை எடுத்தாளப்பட்டன. அவற்றை அவ்வாறு பயன்படுத்தலாகாது என்று வொடெலும் மெயினும் 1998 இல் எழுதி எச்சரிக்க நேர்ந்தது.

இதனாற்றான் எமது முற்போக்கு நண்பர்கள் சிலர் உளவியல் என்றதும் முகம் சுளிக்கின்றனர். வறுமையையும் சுரண்டலையும் மறைத்து, குற்றத்தைத் தொழிலாளியின் மனத்தின்மீதே சுமத்தும் தந்திரம் இது என்பது அவர்தம் வாதம். அவர்களது ஐயம் ஆதாரமற்றதன்று. அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையின் 3020 தொழிலாளரை ஆராய்ந்து 1991 இல் வெளிவந்த முடிவு, நாரிநோ இருப்பதாக முறையிடப்போகிறவர் யார் என்பதைப் பாரந்தூக்கும் அளவைவிட வேலையில் மகிழ்ச்சியின்மையே நன்கு முன்னுணர்த்தியது என்றது. முதலாளி இதனைப் படித்தால், மனக்குறையுள்ள தொழிலாளியே தொல்லை என்பார். நாமோ அவ்வேலையில் மகிழ்ச்சியற்றுப் போகுமாறு என்ன செய்யப்பட்டது என்று கேட்போம். உண்மை ஒன்றே, அதை யார், எதற்காகக் கையிலெடுக்கிறார் என்பதே வேறுபடுகிறது.

ஆகவே மனத்தை மறுப்பது பொருள்முதல்வாதம் ஆகாது. மனிதரைப் பொறியாகக் கருதிய பழைய இயந்திரப் பொருள்முதல்வாதத்தையே மார்க்ஸ் 1845 இல் கண்டித்தார். கூலியும் கடனும், காணாமற் போனவருக்கான காத்திருப்பும் புறநிலை உண்மைகள். அவை ஒரு பெண்ணின் அச்சமாகி, அவ்வச்சம் அவருடைய தசைகளை இறுக்கி நோவாக உறைகிறதென்றால், அதனினும் பொருள்வயமான நிகழ்ச்சி யாது? உழைப்பாளிக்கு நாரி மட்டுமே உண்டு, உள்ளம் படித்தவர்க்கே உரியது என்ற எண்ணத்தில், எவ்வளவு நல்லெண்ணம் கலந்திருப்பினும், ஓர் இழிவு ஒளிந்திருக்கிறது.

பாசாங்கு பற்றியும் ஒரு சொல். எம்மைப் போன்ற ஆசிரியர்க்கு நாரி பிடித்தால் மருத்துவச் சான்றிதழும் சம்பளத்துடன் லீவும் உண்டு. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு வழிசொல்கிறது; பல ஆண்டுகள் குனிந்து குனிந்து நொந்த நாட்கூலிப் பெண்ணின் நாரிக்கு விபத்து நிகழ்ந்த தேதி ஏது? பாசாங்கு செய்வதால் அவர் அடையக்கூடிய ஒரே பயன் அன்றைய கூலியை இழப்பதுதான். இருந்தும் முதலிற் சந்தேகிக்கப்படுபவர் அவரே.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட நாரிநோவுக்கு விளக்கமளித்தல், உடற்பயிற்சி, உளவழிச் சிகிச்சை முதலியவற்றைச் சேர்த்தே பரிந்துரைக்கிறது. இங்கு விளக்கமளித்தலே மிக அரிய மருந்தாக இருக்கிறது. நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் ஓரிரு நிமிடத்தில் எதைத்தான் விளக்குவது?

மேற்குறித்த தாயாருக்கு அது தற்செயலாகவே கிடைத்தது. இயன்மருத்துவர் ஒருவர் அரைமணி நேரம் இருந்து கேட்டார். நோ மெய்யே என்றார். தட்டு உடைந்து சிதறிவிடாது என்றார். அஞ்சியஞ்சிப் படுத்திருப்பதே அதிக கேடு என்றார். கணவரைப் பற்றியும் கேட்டாராம். அப்போதுதான் தாம் அழுததாகச் சொன்னார். இப்போது அவர் வாரத்தில் மூன்று நாள் மற்றப் பெண்களுடன் தோட்டத்துக்குப் போகிறார். நோ போய்விடவில்லை. இடையிடையே எழுந்து நிமிர்ந்து சிறிது நடக்க வேண்டும் என்பது இயன்மருத்துவர் சொன்ன விதி. நடக்கும் அந்த நிமிடங்களுக்கும் கூலி உண்டோ என்று தோட்டக்காரரிடம் இதுவரை எவரும் கேட்கவில்லை.