அபயக் கரமும் அஞ்சிய கிளியும்

சிவமயம்



எம்பெருமானின் திருவருளால் இவ்வருடமும் நம் ஆலய மலர் இனிதே வெளிவருகின்றது. பரிபாலன சபையில் உள்ள ஒவ்வொருவரும் ஏதாவது எழுதித்தர வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அடியேன் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞனாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். கடிதமும் அறிக்கையும் எழுதிப் பழகிய கைக்குச் சமயக் கட்டுரை இலகுவில் வருவதில்லை. ஆகவே நூல்களில் படித்ததை விடவும் வாழ்க்கையில் பட்டு அறிந்த ஒன்றை உங்கள் முன் வைக்கின்றேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நடராஜப் பெருமானின் திருவுருவத்தை நாம் எல்லோரும் வணங்குகின்றோம். உடுக்கை ஏந்திய கரம் படைத்தலையும், தீ ஏந்திய கரம் அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பர் பெரியோர். காத்தலைக் குறிப்பது அபயக் கரம். “அஞ்சாதே” என்று சொல்லும் கரம் அது. அடுத்த முறை வணங்கும்போது அந்தக் கரத்தைச் சற்று நின்று பாருங்கள். அதில் ஆயுதம் இல்லை. நம்மைப் பிடிப்பதற்கு அது நீண்டு வரவும் இல்லை. விரிந்த உள்ளங்கையோடு அசையாமல் நிற்கின்றது. அதன் பொருள் எனக்கு ஒரு கிளியினால் விளங்கியது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். திருவெம்பாவைக் காலம். அன்று காலை ஆழிப்பேரலை வந்து நம் நாட்டில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வாவிக்கு அக்கரையில் உள்ள நாவலடி என்ன ஆனது என்பதை அமிர்தகழி மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் மனைவியின் தம்பியும் அவர் மனைவியும் அங்கேதான் இருந்தார்கள். இருவரும் திரும்பவில்லை. ஏழு வயது மகள் ஒருத்தி மட்டும் தென்னை மரம் ஒன்றில் சிக்குண்டு உயிர் தப்பினாள். அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

அதற்கு நான்காம் நாள், தோணியில் போன உறவினர் ஒருவர் கண்டல் பற்றைக்குள் இருந்து ஒரு பச்சைக்கிளியைப் பிடித்துவந்தார். அதன் இறகுகள் வெட்டப்பட்டிருந்தன. ஒரு காலில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. யாரோ ஆசையாக வளர்த்த கிளி என்று தெரிந்தது. முகாம்களில் விசாரித்துப் பார்த்தோம். உரிமை கேட்டு எவரும் வரவில்லை. இறகு வெட்டிய கிளியை வெளியில் விட்டால் பூனைக்கும் காகத்துக்கும் இரையாகிவிடும் என்று ஒரு பழைய கூட்டில் வைத்தோம்.

ஆக, ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு அஞ்சிய இரண்டு உயிர்கள் வந்து சேர்ந்தன. பிள்ளை கதைப்பதே இல்லை. யாராவது கிட்டப் போனால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். கிளியோ மனித நிழல் பட்டாலே கூட்டின் கம்பிகளில் மோதிக் கத்தும்.

நான் இரண்டு பேரிலும் அன்பாகத்தான் இருந்தேன். ஆனால் என் அன்பு அவசரப்பட்டது. எடுத்த கோவையை முடித்து வைத்தால்தான் அன்றைய வேலை முடிந்தது என்று நினைக்கின்ற சுபாவம் எனக்கு. “ஏன் பயப்படுகிறாய், நான் ஒன்றும் செய்யமாட்டேன்” என்று பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து மடியில் இருத்தப் பார்த்தேன். கிளியைப் பழக்க வேண்டும் என்று தினமும் கூட்டுக்குள் கைவிட்டேன். பிள்ளை விறைத்துப்போய் இருந்தாள். கிளி கடித்தது.

ஒரு நாள், பாதிக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியலைப் பகல் முழுக்க எழுதிவிட்டுக் களைத்து வந்தேன். அன்றும் கூட்டுக்குள் கை விட்டேன். கிளி விரலை நன்றாகக் கடித்து இரத்தம் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கூட்டை உள்ளங்கையால் ஓங்கி அடித்துச் சத்தம் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. “நீங்க கிளிக்கு அடிக்கல்ல, அந்தப் பிள்ளைக்கு அடிச்சிருக்கிறீங்க” என்று மனைவி சொன்னார். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் எனக்குத் தெரிந்த கால்நடை வைத்தியர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்ன விடயங்கள் இன்றைக்கும் நினைவில் உள்ளன. கிளிக்குப் பகை மேலிருந்து வரும் பருந்து. ஆகவே மேலிருந்து இறங்கும் கை எதுவாயினும் அதற்குப் பருந்தின் கால்தான். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதும் இரை தேடும் மிருகத்தின் பார்வைதான். கூட்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடுங்கள், பின்னால் இருந்து ஒன்றும் வராது என்ற தைரியம் அதற்கு வர வேண்டும். நிலத்தில் வைக்காமல் கண் மட்டத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் போய்ச் சற்றுத் தள்ளி இருங்கள். கூட்டைப் பார்க்காமல் உங்கள் வேலையைச் செய்யுங்கள். உணவை வைத்துவிட்டு விலகுங்கள். அது ஒரு அடி கிட்ட வந்தால் நீங்கள் ஒரு அடி கிட்டப் போகாதீர்கள். “எத்தனை நாள் செல்லும்?” என்று கேட்டேன். “அதைக் கிளிதான் தீர்மானிக்கும்” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அவர் சொன்னதை எல்லாம் யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை செய்துகொண்டிருந்தாள்! பின்னேரங்களில் கூட்டுக்கு நாலடி தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, கொப்பியில் ஏதோ கீறிக்கொண்டு சும்மா இருப்பாள். போகும்போது பழுத்த கொச்சிக்காய் ஒன்றைக் கம்பியில் செருகிவிட்டுப் போவாள். முதலில் அவள் போன பிறகே கிளி அதைத் தின்னும். பிறகு அவள் இருக்கும்போதே தின்றது. மாசி மாதமளவில் அவள் பக்கமாக வந்து, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. பயந்த பறவை யார் முன்னாலும் அப்படி நிற்பதில்லை.

இந்த இடத்தில் நம் சமய நூல்களை நினைக்கின்றேன். ஆனாய நாயனாரின் வரலாறு பெரியபுராணத்தில் உள்ளது. மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆயர் குலத்தில் தோன்றியவர். ஒரு கொன்றை மரத்தைக் கண்டு, அதனைச் சிவமாகவே எண்ணி, அதன் கீழ் நின்று ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்தார். பசுக்கள் மேய்ச்சலை மறந்து வந்து நின்றன. பாம்பும் மயிலும், சிங்கமும் யானையும், புலியும் மானும் பகையும் பயமும் நீங்கி ஒன்றாக வந்தன என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். அவர் எந்த உயிரையும் துரத்திப் பிடிக்கவில்லை. தன்னிடத்தில் நின்று தன் இறைவனை நினைத்தார். அந்த அமைதிக்குள் அவை தாமாக வந்தன.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கின்றார். காட்டு விலங்கைப் பிடிப்பவர்கள் அதே இனத்துப் பழகிய விலங்கொன்றை முன்னே விடுவார்கள். தன் இனத்தைக் கண்டால்தான் அது அஞ்சாமல் கிட்ட வரும். அதுபோல, இறைவனும் நாம் அஞ்சாதபடி மானிட வடிவம் கொண்டு குருவாக வருகின்றான். அந்தக் கிளிக்கு என் வீட்டில் தன் இனம் யார்? சோறும் தண்ணீரும் வைத்த நானல்ல. தன்னைப் போலவே எல்லாவற்றையும் இழந்து அஞ்சியிருந்த அந்தப் பிள்ளைதான்.

நானும் பிள்ளையிடம் படித்தேன். பின்னேரங்களில் அவளுக்கும் சற்றுத் தள்ளி ஒரு கதிரையில் இருந்து தேவாரம் முணுமுணுப்பேன். “சாப்பிட்டியா, படித்தியா” என்று கேட்பதை விட்டேன். சித்திரை பிறந்து சில நாட்களில் கிளி அவள் நீட்டிய உள்ளங்கையில் ஏறியது. அவள் விரல்களை மூடவில்லை. அன்றைக்குத்தான் அது முதன்முதலாக மனிதக் குரலில் பேசியது. “இஞ்ச வா மனே.” யாரோ ஒரு வயதான தாயின் குரல். அந்தத் தாய் யார், இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. அவர் கொடுத்த அன்பை அது அத்தனை பயத்துக்குள்ளும் பத்திரமாக வைத்திருந்தது. என் மனைவி குசினிக்குள் போய் அழுதார். பிள்ளை சிரித்தாள். வந்த நாள் தொட்டு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

2005ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று, அவளது தகப்பனுக்காகத் தீர்த்தமாட மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்துக்குப் போனோம். அந்தச் சனத்திரளை நீங்கள் அறிவீர்கள். தண்ணீரையும் சனத்தையும் கண்டு பிள்ளை பின்வாங்குவாளோ என்று எனக்குப் பயம். கையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. பிடிக்கவில்லை. கையைத் தாழ்த்தி, விரித்தபடி வைத்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் சின்ன விரல்கள் என் விரல்களைப் பிடித்தன. “மாமா, போவம்” என்றாள். எத்தனையோ தீர்த்தம் ஆடியிருக்கின்றேன். எனக்குப் பலித்த தீர்த்தம் அதுதான்.

வெட்டிய இறகு வளராது என்று பலர் நினைக்கின்றார்கள். அது சரியல்ல. பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு முளைக்கும். அதற்கு ஒரு வருடமளவு செல்லலாம். 2006ஆம் ஆண்டு தை மாதத்தில் கிளிக்குச் சிறகு நிறைந்துவிட்டது. வீட்டுக்குள் பறந்து பழகியது. “கூட்டைத் திறந்து விடுவம் மாமா” என்று பிள்ளையே சொன்னாள். திறந்தோம். அது முதலில் பூவரச மரத்தில் போய் இருந்தது. பல மாதங்கள் காலையில் வந்து கொச்சிக்காய் தின்றுவிட்டுப் போனது. பிறகு கிளிக்கூட்டத்தோடு வந்தது. பிறகு எது நம்முடையது என்று தெரியாமல் போனது. ஒரு மாலை அந்தக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் “இஞ்ச வா மனே” என்று கேட்டதாக அவள் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

சென்னை இராயப்பேட்டையில் கமரா திருத்தும் தொழில் செய்த சேகர் என்பவரைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததைச் சிலர் படித்திருப்பீர்கள். அதே ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவரது மொட்டை மாடிக்குப் பச்சைக்கிளிகள் வரத் தொடங்கின. பலகைகளில் அரிசியை வரிசையாக வைத்துவிட்டு விலகிவிடுவார். காலப்போக்கில் தினமும் ஆயிரக்கணக்கில் வந்தன. ஒரு கிளியையும் அவர் கூட்டில் அடைக்கவில்லை. தன் உழைப்பில் பெரும்பங்கை அரிசிக்கே செலவிட்டார். பெருநகரத்தில் ஏழைத் தொழிலாளி ஒருவர் செய்த சிவபூசை என்றே இதனை நான் சொல்வேன்.

அடியார்களே! இதை எழுதியதன் நோக்கம் கிளி வளர்ப்பதைச் சொல்லித்தருவதல்ல. பனை, தென்னைப் பொந்துகளில் இருந்து கிளிக்குஞ்சுகளை எடுத்து இறகு வெட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருந்தால் அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காயப்பட்ட பறவை கைக்கு வந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். இது ஒரு பக்கம்.

மறு பக்கம் நம் ஆலயம். சூறாவளியையும் போரையும் கடலையும் கண்ட ஊர்கள் நம்முடையவை. பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருபவர்கள் நம்மிடையே பலர். கணவனை இழந்த பெண், பல வருடம் வராமல் இருந்து தயங்கித் தயங்கி வரும் குடும்பம், கடனில் நொந்த இளைஞன். இவர்கள் வந்ததும் நாம் என்ன செய்கின்றோம்? “இவ்வளவு நாளும் எங்கே?” என்று கேட்கின்றோம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நீட்டுகின்றோம். நானும் நீட்டியிருக்கின்றேன். கூட்டுக்குள் விட்ட அதே கைதான் அது. அவர்கள் முதலில் ஒரு தூணில் சாய்ந்து சும்மா இருக்கட்டும். விபூதி வாங்கிக்கொண்டு போகட்டும். நாளைக்கும் வருவார்கள். ஒருநாள் அவர்களாகவே பேசுவார்கள். அதுவரை காத்திருப்பதும் ஆலயத் தொண்டுதான்.

நமது பக்குவம் வரும்வரை எத்தனை பிறவி என்று எண்ணாமல் காத்திருக்கின்றான் இறைவன். நாம் கடித்தாலும் அவன் கூட்டை அடிப்பதில்லை.

அன்றைய பிள்ளைக்கு இன்று ஒரு குழந்தை இருக்கின்றது. அக்குழந்தையைத் தூக்க ஆசைப்படும்போதெல்லாம் நான் முதலில் கையை மாத்திரம் விரித்து நீட்டுகின்றேன்.

அஞ்சிய உயிர்கள் அனைத்துக்கும் அபயமளிக்கும் எம்பெருமானின் திருவடிகளைப் பணிந்து, அந்தப் பொறுமையில் ஒரு துளியை நமக்கும் தந்தருள வேண்டுமென்று பிரார்த்திக்கின்றேன்.

சுபம்.

ஆலய பரிபாலன சபை உறுப்பினர் ஒருவர்
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்), அமிர்தகழி