கட்டி வாடும்போது

கண்ணுக்குள் இருந்த புற்றுநோய்க் கட்டி கதிர்வீச்சில் அடங்கிவிட்டது. ஆனால் சில மாதம் கழித்துப் பார்வையின் ஓரத்தில் திரை இறங்கியதுபோல் இருட்டு. நோய்தான் திரும்பிவிட்டதோ என்று குலை நடுங்கும். பெரும்பாலும் அப்படியல்ல, விழித்திரை இடம்விட்டு எழும்பியிருக்கும்.

விழித்திரை பின்சுவரில் பசைபோட்டு ஒட்டியதில்லை. அதன் அடியிலுள்ள ஓரடுக்குச் செல்கள் நீரை ஓயாமல் உறிஞ்சிப் பின்புற ரத்தநாளப் படலத்துக்குத் தள்ளுகின்றன. பிடிமானத்தில் பெரும்பங்கு அந்த இறைப்புக்குத்தான். ஊறும் நீர் இறைக்கும் நீரை மிஞ்சினால் திரை மிதக்கும்.

பெரியவர்களுக்கு வரும் மெலனோமா கட்டிக்கு, கதிர்வீசும் அயோடின்-125 அல்லது ருத்தீனியம்-106 பொதிந்த சிறு தகட்டைக் கண்ணின் வெள்ளைச் சுவருக்கு வெளியே தைத்து, சில நாளில் எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1987 முதல் 1,317 பேரிடம் நடந்த ஆய்வில், நடுத்தரக் கட்டிகளுக்குக் கண்ணையே அகற்றினாலும் அயோடின் தகடு வைத்தாலும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு தெரியவில்லை. அதனால் கண்ணை விட்டுவைத்தார்கள். விட்டுவைத்த கண்ணுக்குத்தானே இந்தத் தொல்லை!

கட்டி ஒரே நாளில் மறையாது, மாதக்கணக்கில் வாடும். அப்போது அதன் பழுதான நாளங்களும் அக்கம்பக்கத்து நாளங்களும் கசியும். கட்டி பெரிதென்றால் கசிவும் பெரிது. திரையில் ஓட்டை இருக்காது. ஆள் நிமிர்ந்தால் நீர் கீழே இறங்கும், மல்லாந்தால் பின்னால் போகும்; மருத்துவருக்கு அது நல்ல தடயம். பல கண்களில் நீர் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் ஸ்டீராய்டு ஊசியோ, நாளக் கசிவைக் குறைக்கும் ஊசியோ போடுவார்கள். அரிதாக, செத்த கட்டியையே அறுத்தெடுப்பதும் உண்டு.

குழந்தைகளின் ரெட்டினோபிளாஸ்டோமாவில் கதை வேறு. அங்கே கட்டி முளைப்பதே விழித்திரையில். உறையவைக்கும் சிகிச்சையிலோ, கண்ணின் தமனிக்குள் செலுத்தும் மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்திலோ கட்டி மளமளவென்று சுருங்கினால், அந்த இடத்துத் திரை, கறை போக அடித்துத் துவைத்த வேட்டிபோல் நைந்து ஓட்டை விழலாம். கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே அடியில் புகும்.

மற்றவர்களுக்கு இப்படியானால் கண்ணைத் துளைத்து உள்ளே கருவி விட்டுச் சரிசெய்யலாம். இங்கே துளைக்கத் தயங்குவார்கள். உயிரோடிருக்கும் புற்றுச்செல் அந்தத் துளை வழியே வெளியேறிவிடக்கூடும். ஆகவே கூடுமானவரை சிலிக்கோன் பட்டையை வெளியிலிருந்து வைத்துக் கண்ணின் சுவரை உள்ளே அழுத்துகிறார்கள். தேங்கிய நீரை ஊசி குத்தி வடிப்பதைக்கூடத் தவிர்ப்பார்கள்.

கைக்குழந்தைக்கு இருட்டு இறங்குவதைச் சொல்லத் தெரியாது. சில வாரத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து உள்ளே பார்க்கும்போதுதான் பெரும்பாலும் அது தெரியவருகிறது.