காவலனை யார் காப்பது?

2002 ஜூலை 1ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் மாண்டனர். சூரிச் கட்டுப்பாட்டு அறையில் பணியிலிருந்த இருவருள் ஒருவர் ஓய்வுக்குச் சென்றிருக்க, மற்றவரே இரு திரைகளையும் கவனித்தார். நிறுவனம் அறிந்தே விட்டிருந்த வழக்கம் அது. 2007இல் சுவிஸ் நீதிமன்றம் மேலாளர் நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

பணியை ஏற்றவருக்குப் பொறுப்பில்லையா? உண்டு. ஆயினும் விழிப்பு என்பது மனத்தின் கடமை மட்டுமன்று, உடலின் ஆற்றலுமாகும். உடலால் இயலாததைக் கடமையாக்குவது அநீதி. காலைமுதல் மாலைவரை தனியே வழக்குத் தீர்த்த மோசேயை இத்திரோ மெச்சவில்லை. சுமையைப் பகிர்ந்தளிக்கச் சொன்னார்.

இஃது அயல்நாட்டுக் கதையன்று. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்ற நிலைக்குழு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் பற்றாக்குறையையும் களைப்பையும் குறித்து எச்சரித்தது. எருமப்பட்டியில் நாம் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி; லாரியையோ நன்கறிவோம். தேசிய அனுமதி லாரிக்கு இரு ஓட்டுநர் வேண்டும் என்ற விதி 2018இல் நீக்கப்பட்டது. இரவெல்லாம் தனியே விழித்திருப்பவன் நம் வீட்டுப் பிள்ளை.

உழைப்பைப் பற்றிய 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 'மறைமுக முதலாளி' என்றொரு கருத்தை முன்வைத்தார். நேரடியாகக் கூலி கொடுக்காதவர்க்கும் உழைப்பவன் நிலையில் பொறுப்புண்டு என்பதே அதன் சாரம். மலிவான பயணச்சீட்டும் விடியுமுன் வந்துசேரும் சரக்கும் கேட்கும் நாம் அப்பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. 'தூங்கிவிட்டான்' என்று தீர்ப்பிடுமுன், அவனை மாற்றிவிட ஆள் இருந்ததா என்று கேட்போம்.