நங்கூரமும் நற்கடைப்பிடியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத்தவராகிய நாம், நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாறு துறையை அறிவோம். அலை படகைத் தூக்குங்கால் வடம் விறைத்து நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். நங்கூரம் மண்ணை விட்டுப் பெயரும். வடத்தின் இடையே ஒரு பளுவைத் தொங்கவிடின் வடம் தாழும். இழுப்புத் தரையை ஒட்டிச் செல்லும். நங்கூரம் பிடித்து நிற்கும்.

1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் ஏற்ற திரிசரணமே நமது நங்கூரம். ஆயினும், உற்றார் ஏளனமும் சாதிச் செருக்கர் சுடுசொல்லும் அலையென எழுங்கால் நம் சீலம் பெயர்கின்றதன்றோ? சினம் தோன்றும் கணத்திலேயே ‘இது சினம்’ என்றறியும் நற்கடைப்பிடியே அவ்விடைப்பளு.

பெருங்காற்றில் பளு மட்டும் போதாது. நீண்ட வடமும் வேண்டும். நாடோறும் பயிலும் தியானமே அவ்வடம். புயலுக்குமுன் அதனை நீட்டி வைப்போமாக!