அமர்ந்தவரும் அலைந்தவரும்

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று சொன்ன வாய் மூடுமுன்னே, அவனைத் தேடி ஊர் ஊராக யாத்திரை புறப்படுகிற நம் வழக்கம் முரண்பாடல்லவா என்று நாஸ்திகர் கேட்பதுண்டு, வேதாந்திகளும் கேட்டிருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் காரில் அடிக்கடி போய்வருகிற எனக்கு, இதற்கு விடை சாஸ்திரங்களைக் காட்டிலும் தாமிரபரணிக் கரையிலேயே தெளிவாகக் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

அந்தச் சாலையில்தான் எத்தனை உலகங்கள்! 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் தோண்டிப் பார்த்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், தாழிகளுக்குள் அடங்கிய முன்னோர். பின் வாழைத் தோட்டங்கள். கடல் நெருங்க நெருங்கப் பனைகளும் செந்நிறத் தேரி மணலும். திருச்செந்தூரையும் தாண்டினால், மணற்குன்றின்மேல் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோவில்.

ஆயினும் என்னைப் பிடித்து நிறுத்துவது ஆழ்வார்திருநகரியே. அங்கே ஒரு புளிய மரத்தடியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பதும், அமர்ந்த இடத்திலிருந்தே மலைநாட்டுத் திருப்பதிகளைக்கூடப் பாடினார் என்பதும் சம்பிரதாயம். மற்றப் புளிகள் அந்தியில் இலை கூம்பும். இது கூம்பாது என்று நம்பி, உறங்காப்புளி என்கிறார்கள். மேடையருகே நின்று அண்ணாந்து பார்த்தால், பிளந்து முறுக்கேறிய முதிய அடிமரமும், அதன்மேல் நேற்றுத் துளிர்த்தாற்போன்ற இலைகளும் தெரிகின்றன.

அருகிலுள்ள திருக்கோளூரில் பிறந்த மதுரகவியோ அலைந்தவர். அயோத்தியில் இருக்கையில் தென்திசையில் ஒரு ஜோதியைக் கண்டு, அதையே பற்றிக்கொண்டு நெடுந்தூரம் நடந்துவர, அது தம் சொந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த இந்தப் புளிய மரத்தடியில் வந்து மறைந்ததாம். அப்படியானால் வடநாட்டு யாத்திரை வீண்தானே என்றால், நான் ஒப்பமாட்டேன். ஊரிலேயே இருந்திருந்தால் அந்தப் புளிய மரம் அவருக்கு வெறும் புளிய மரமாகவே இருந்திருக்கும்.

அதே திருக்கோளூருக்குள் இராமானுஜர் நுழைகையில், ஒரு பெண் ஊரைவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள் என்றும் ஒரு கதை. எல்லாரும் புகத் துடிக்கும் க்ஷேத்திரத்தை விட்டு ஏன் போகிறாய் என்று கேட்டவருக்கு, அடியார் செயல்களை 81 வாக்கியங்களில் அடுக்கி, இவற்றுள் ஒன்றும் செய்யாத நான் எங்கிருந்தால்தான் என்ன என்றாள் அவள். ஸ்தல வாசம் ஒன்றே மோட்சம் தந்துவிடும் என்னும் சோம்பலான நம்பிக்கைக்கு இதனினும் கடுமையான கண்டனத்தை நான் கேட்டதில்லை. அதையும் அந்த ஸ்தலத்தாரே போற்றிக் காத்துவருகிறார்கள்.

ஆகவே, போவதா இருப்பதா என்பதைப் பற்றி இந்த நதிக்கரைக்குக் கவலையில்லை. காரில் போனால் புண்ணியம் குறையும், மாட்டு வண்டியில் போனால் கூடும் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கையில்லை. குறையெல்லாம் கணக்குப் பார்ப்பதில்தான். இக்கரையின் ஒன்பது பெருமாள் கோவில்களான நவதிருப்பதிகளையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டுமென்று, நடை சாத்துமுன் ஓட்டமாய் ஓடுகிறவர்கள் பலர். வயல்களுக்கு நடுவே ஜன சந்தடியின்றி இருக்கும் இரட்டைத் திருப்பதியில், தீபாராதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் அச்சிட்ட தாளில் பேனாவால் கோடிட்டு, "இன்னும் ரெண்டுதான் பாக்கி" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. யாத்திரை வந்தவர் அந்த அம்மாள் ஒருவரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது என்னும் எண்ணை விட முடியாதவர்களுக்கும் ஒரு வழியுண்டு. வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாளில் சுற்றுப்புறத் திருப்பதிகளின் பெருமாள்கள் ஆழ்வார்திருநகரிக்கே எழுந்தருள, ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் ஆழ்வாருக்குக் காட்சி தருகிறார்கள். அமர்ந்திருந்தவரைத் தேடி அன்று தெய்வமே யாத்திரை வருகிறது. அன்றைக்கு அங்கே போய், வண்டியை ஒரு நிழலில் விட்டுவிட்டு, ஓரிடத்தில் நின்று பாருங்கள். ஓட்டுநரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.